தளம் போட்ட புதன்கிழமை

யூனியன் சேர்மன் ரெங்கசாமிக்குப் பட்டங்கள் மூன்று. முதல் இரண்டை மற்றவர்கள் கொடுத்தார்கள். மூன்றாவதைக் கொடுக்க யாரும் முன்வரத் தாமதமானதால், நோட்டீஸ் அச்சடிக்கும்போது அவரே சேர்த்துக்கொண்டார். ‘கழனிச் செம்மல்’ என்பது அது. கழனியில் அவர் கால் வைத்து வெகு காலமாகிவிட்டது. ஆனாலும் குத்தகைக்காரர்களின் பெயரைச் சர்க்கார் ஏட்டில் பதியவேண்டும் என்று சட்டம் வந்தாலும் வந்தது, தானே பெற்றுப் பெயர் வைத்த பிள்ளையைப்போல அதை மேடைக்கு மேடை தூக்கிக்கொண்டு திரிந்தார். சட்டம் வந்த மூன்றாம் வருஷம் அதன் ஞாபகமாக ஊர் முகப்பில் ‘உழவர் உரிமை மன்றம்’ என்று ஒரு கட்டடத்தையும் எழுப்ப ஆரம்பித்தார்.

கட்டடத்துக்குக் காண்ட்ராக்டர் இப்ராஹிம். சென்ட்ரிங் அடிக்கப் பக்கிரி ஆசாரி. பக்கிரி ஆசாரிக்குக் கையாள் மருதையன்.

ஆசாரிக்குக் கையாள் என்பது நாற்பத்தைந்து வயதில் ஏற்றுக்கொள்ளக்கூடிய பதவி அல்ல. சவுக்குக் கழிகளைத் தோளில் சுமக்க வேண்டும். ரம்பத்தின் மறுமுனையைப் பிடிக்க வேண்டும். பழைய பலகைகளில் வளைந்து கிடக்கும் ஆணிகளைப் பிடுங்கி, கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்த வேண்டும். ‘நூலைப் பிடி’ என்றால் பிடிக்க வேண்டும், ‘விடு’ என்றால் விட வேண்டும், நூல் கோணினால் திட்டு வாங்க வேண்டும். மருதையன் இதையெல்லாம் வருஷத்தில் நாலைந்து மாசம்தான் செய்தான். தாளடி அறுத்து முடித்ததிலிருந்து ஆற்றில் தண்ணீர் வரும்வரை. மற்ற மாசங்களில் அவனுக்கு நாலு மா நிலம் இருந்தது.

இருந்தது என்றால் சொந்தம் இல்லை. நிலம் கும்பகோணத்தில் இருக்கும் மிராசுதாருடையது. மிராசுதார் சேர்மனுக்குத் தாய்மாமன். பதினெட்டு வருஷமாக மருதையன் உழுதான், அவன் பெண்டாட்டி அம்சம் நட்டாள், களத்திலேயே குத்தகை நெல்லை அளந்து வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அளந்ததற்குச் சீட்டுக் கேட்டதில்லை, மிராசு தரப்பு கொடுத்ததும் இல்லை. சட்டம் வந்ததும் அவன் மனுப் போட்டான். பெயர் ஏட்டில் ஏறிவிட்டால் பிறகு நிலத்தைவிட்டு அவனைக் கிளப்ப முடியாது. ஏறாவிட்டால் மிராசுதார் நாளைக்கே ‘போ’ என்று சொல்லலாம். விஷயம் இவ்வளவுதான். மேடையில் இதைச் சொல்லச் சேர்மனுக்கு ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும்.

விசாரணைக்குத் தாக்கீது வந்தது. பங்குனி இருபத்திரண்டு, புதன்கிழமை, பகல் பதினோரு மணி, தாலுகா கச்சேரி. மனுதாரர் நேரில் வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும். தவறினால் இருப்பதைக் கொண்டு முடிவு செய்யப்படும்.

அதே புதன்கிழமைதான் மன்றத்துக்குத் தளம் போட நாள் குறித்தார்கள்.

மருதையன் தாக்கீதை எடுத்துக்கொண்டு சேர்மன் வீட்டு வாசலில் போய் நின்றான்.

“ஐயா, புதன்கிழமை எனக்குக் கச்சேரியில விசாரணைங்க. தளத்த ஒரு நாளு தள்ளிப் போட்டீங்கன்னா...”

“மருதையா, சிமெண்டு பர்மிட்டுல வந்த சிமெண்டு. வச்சிருந்தா கல்லாப் போயிரும். மந்திரி திறப்பு விழாவுக்குத் தேதி குடுத்துட்டாரு. எல்லாத்துக்கும் மேல, இந்த மன்றம் யாருக்காக? உனக்காக! நீயே இல்லாம தளம் போட்டா நாளைக்கு வரலாறு என்ன சொல்லும்?”

“வரலாறு என்ன சொல்லும்னு தெரியலீங்க. தாசில்தாரு என்ன சொல்லுவாருன்னுதான் பயமா இருக்கு.”

சேர்மன் சிரித்தார். “நான் இருக்கேன்யா. அன்னிக்குக் கச்சேரிக்கு நானே போறேன். வாய்தா வாங்கித் தர்றேன். எழுதி வச்சுக்க.”

“எழுதத் தெரியாதுங்க.”

“அப்ப மனசுல எழுதிக்க.”

வீட்டில் அம்சத்திடம் இதைச் சொன்னபோது அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

“மாமன் நெலத்துக்கு மருமவன் நமக்காக வாய்தா வாங்குறாராமா? கருவாட்டுக்குப் பூனை காவலு. பேசாம வேலைக்கு வரலேன்னு சொல்லிட்டு வாங்க.”

“ஆசாரிக்கு வேற ஆளு இல்ல புள்ள.”

“நமக்கு வேற நெலம் இருக்கா?”

அவன் பக்கிரி ஆசாரி வீட்டுக்குப் போனான். அவரிடம் ஓர் ஏற்பாடு இருந்தது.

“காலையில ஆறு மணிக்குக் கலவை போட ஆரம்பிச்சா, ஒம்பதரைக்குள்ள பாதித் தளம் ஏறிடும். மொத பாதி நின்னுட்டா மீதியும் நிக்கும். ஒம்பதரைக்கு நீ சைக்கிள எடுத்துக்கிட்டுக் கெளம்பு. ஏழு மைலு, ஒரு மணி நேரம். கீழ நான் பாத்துக்கிறேன். ஆனா மொத பாதிக்கு நீ கீழ இருக்கணும்யா. மண்ணு உனக்குத்தான் தெரியும்.”

தளம் போடும் நாளில் மேலே இருப்பவர்களை எல்லாரும் பார்க்கிறார்கள். கீழே இருப்பவர்களைப் பார்ப்பதில்லை. பலகைகளுக்கு அடியில், நூற்று இருபது சவுக்கு முட்டுகளின் நடுவே, இரண்டு பேர் குனிந்து நடந்துகொண்டே இருக்க வேண்டும். மேலே கான்கிரீட் விழ விழ முட்டு இறங்குகிறதா, ஆப்பு தளர்கிறதா, பலகை விரிகிறதா என்று பார்த்துத் தட்டி இறுக்க வேண்டும். ஒரு முட்டு நழுவினால் பக்கத்து முட்டு தாங்காது. பிறகு மேலே இருப்பவர்களும் கீழே வந்துவிடுவார்கள், தளத்தோடு.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. மன்றத்துக்கு அடியில் ஆற்று மணல் நிரப்புவதாகத்தான் திட்டம். நிரப்பியது வாய்க்கால் தூர் எடுத்த களி. காய்ந்திருக்கும்வரை களியைப் போல் கெட்டி எதுவும் இல்லை. நனைந்தால் வெண்ணெய். இதை மருதையன் அப்போதே சொன்னான். “களிமேல முட்டு நிக்காதுங்க, பனஞ்சட்டத்தக் குறுக்கப் போட்டு அதுமேல நிறுத்துவோம்” என்றான். “தண்ணி எப்படி உள்ள வரும்? கலவை தெக்க, பள்ளத்துலதானே போடுறோம்” என்றார் இப்ராஹிம். அவர் சொன்னதும் நியாயந்தான். ஆகையால் அரைச் செங்கல் மேல் முட்டுகள் நின்றன.

புதன்கிழமை ஐந்தரைக்கெல்லாம் ஆட்கள் வந்துவிட்டார்கள். அம்சம் முதல் பஸ்ஸில் கச்சேரிக்குப் போய்விட்டாள். இவன் வரும்வரை பெயர் கூப்பிட்டால் ‘வர்றாரு’ என்று சொல்ல ஓர் ஆள் வேண்டுமே. ஆறு மணிக்குச் சட்டிகளோடு பெண்கள் ஏணியில் வரிசை கட்டி நின்றார்கள். இப்ராஹிம் கடிகாரத்தைப் பார்த்தார். முதல் சட்டியைச் சேர்மன்தான் கொட்ட வேண்டும். சேர்மனைக் காணோம்.

ஏழு மணிக்கு ஓர் ஆள் வந்து, “போட்டோக்காரரு வெளிச்சம் பத்தாதுங்கிறாரு, கலவைய முகப்புப் பக்கம் போடச் சொல்றாரு தலைவரு. மன்றத்தோட பேரு பின்னாடி தெரியணுமாம்” என்றான். முகப்பு வடக்கே மேட்டில் இருந்தது. முனகிக்கொண்டே ஜல்லியையும் மணலையும் தண்ணீர்த் தொட்டியையும் வடக்கே மாற்றினார்கள்.

ஏழரை ஆயிற்று, எட்டும் ஆயிற்று. ஆற்றுப் பாலத்தில் சேர்மனின் கார் நிற்பதாகவும், டயர் பஞ்சர் என்றும் தகவல் வந்தது.

“புதங்கெழம ஏழரையிலேர்ந்து ஒம்பது எமகண்டம்” என்றாள் சட்டியைத் தலைகீழாகப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்த மெஹராஜ் பேகம். “எங்களுக்கே தெரியுது. ஒம்பதுக்கு டயருக்குக் காத்து வந்துரும், பாருங்க.”

சேர்மன் பகுத்தறிவுவாதி. எமகண்டம், ராகுகாலம் எல்லாம் மேடையில் கிழித்துத் தோரணம் கட்டுவார். எனவே அது பஞ்சராகத்தான் இருக்க வேண்டும். ஒன்பது அடித்து ஐந்து நிமிஷத்தில் கார் வந்து நின்றது. இறங்கியவர் பேச ஆரம்பித்தார். உழைப்பவன் வியர்வை உலருமுன் உரிமை வந்து சேரவேண்டும் என்று பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களின் வியர்வை அதற்குள் இரண்டு தரம் வழிந்து இரண்டு தரம் உலர்ந்துவிட்டது. பேசி முடித்து, முதல் சட்டியைக் கையில் வாங்கி, போட்டோவுக்காக மூன்று தரம் கொட்டுவதுபோல் காட்டி, நாலாம் தரம் கொட்டினார். மணி ஒன்பதே முக்கால்.

“மருதையா, நான் நேரா கச்சேரிக்குத்தான் போறேன். கவலைய விடு” என்று காரிலிருந்தபடியே சொல்லிவிட்டுப் போனார்.

மருதையன் பக்கிரி ஆசாரியைப் பார்த்தான்.

“போய்யா” என்றார் ஆசாரி. “நான் இருக்கேன். காத்தா பறந்து போ.”

சைக்கிளை எடுப்பதற்குமுன் கடைசியாக ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம் என்று அவன் குனிந்து உள்ளே போனான். போகாமல் இருந்திருக்கலாம் என்று பிற்பாடு பலர் சொன்னார்கள். அம்சம் மட்டும் சொல்லவில்லை.

வடக்கு வாசல் வழியாக ஒரு நூல் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. கலவைத் தண்ணீர். மேட்டிலிருந்து இறங்கி முட்டுகளின் காலடியில் சாவகாசமாக ஊர்ந்தது. மருதையன் குதிகாலை ஊன்றிப் பார்த்தான். நாற்றங்காலில் பதம் பார்க்கும் அதே குதிகால். ஒரு விரற்கடை இறங்கியது.

ஆசாரி அதற்குள் ஒரு முட்டின் ஆப்பைத் தட்ட ஆரம்பித்திருந்தார். மேலே இறுக்க இறுக்க, கீழே செங்கல் புதைந்தது.

“தட்டாதீங்க ஆசாரியாரே! தட்டத் தட்ட உள்ளதான் போவும்.”

“அப்ப என்னய்யா பண்றது?”

தலைக்குமேல் பலகை அதிர்ந்துகொண்டிருந்தது. முப்பது பேருக்குக் குறையாது. பெண்கள் நடக்கும் சத்தம், கம்பியால் கான்கிரீட்டைக் குத்தும் சத்தம், மெஹராஜ் பேகம் யாரையோ கிண்டல் செய்ய மற்றவர்கள் சிரிக்கும் சத்தம்.

மருதையன் வெளியே ஓடி இப்ராஹிமின் காதில் சொன்னான். அவர் முகம் வெளுத்துவிட்டது.

“நிறுத்தி எல்லாரையும் எறக்கிடலாமா?”

“சொல்லாதீங்க பாய். சொன்னா எல்லாரும் ஏணிப் பக்கம் ஓடுவாங்க. அந்தப் பக்கந்தான் நனைஞ்சிருக்கு. மேல கலவைய மட்டும் தெக்கு ஓரமா கொட்டச் சொல்லுங்க. வைக்கோலு வேணும். வண்டி நெறையா. பனமட்டையும் பலகையும் எது கெடைச்சாலும்.”

“நீ விசாரணைக்கு...”

மருதையன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

முதலில் வடிகால் வெட்டினான். வடக்கிலிருந்து தெற்கே, முட்டுகளுக்கு நடுவில், ஒரு சாண் அகலத்தில், குப்புறப் படுத்துக்கொண்டு வெட்டினான். நிமிர்ந்து வெட்ட இடமில்லை. தண்ணீர் தெற்கே திரும்பியது. பிறகு, சேற்றில் இறங்கிய வண்டிக்கு என்ன செய்வானோ அதைச் செய்தான். வைக்கோலைப் பரப்பி, பனைமட்டையைக் குறுக்கே அடுக்கி, அதன்மேல் பலகை போட்டு, பழைய முட்டுக்குப் பக்கத்தில் புது முட்டை நிறுத்தினான். ஆசாரி ஆப்பு வைத்தார். ஒன்று, இரண்டு, ஐந்து, பதினொன்று. மேலிருந்து சிமெண்டுப் பால் சொட்டி முதுகெல்லாம் எரிந்தது.

நடுவில் ஒருதரம் ஆசாரி, “மணி பதினொண்ணுய்யா” என்றார்.

“அந்தப் பலகையத் தள்ளுங்க” என்றான் மருதையன்.

பிறகு ஆசாரி மணியைச் சொல்லவில்லை.

தளம் மூன்று மணிக்கு முடிந்தது. பெண்கள் இறங்கி வந்து கைகால் கழுவினார்கள். தங்களுக்குக் கீழே என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. “என்னண்ணே, சேத்துல பொரண்ட எரும மாதிரி இருக்கீங்க? தளம் மேலதானே போட்டோம்?” என்று கேட்டாள் மெஹராஜ் பேகம். அவன் சிரிக்கப் பார்த்தான். உதட்டில் சிமெண்டு காய்ந்திருந்தது.

நாலேகாலுக்குக் கச்சேரி வாசலில் சைக்கிளை நிறுத்தினான். வேப்ப மரத்தடியில் அம்சம் உட்கார்ந்திருந்தாள். அவனை மேலும் கீழும் பார்த்தாள். கோபித்துக்கொள்ளத்தான் காத்திருந்தாள் போலிருக்கிறது. பார்த்ததும் அது எங்கேயோ போய்விட்டது.

“யாருக்கும் ஒண்ணும் ஆவலியே?”

“இல்ல.”

“உக்காருங்க.”

உட்கார்ந்தான். அவள் சொன்னாள்.

“பதினொண்ணரைக்குப் பேரக் கூப்பிட்டாங்க. மூணு தரம். நான் போயி, வந்துகிட்டே இருக்காருன்னேன். தாசில்தாரு நல்ல மனுசந்தான், ‘நீ யாரும்மா’ன்னாரு. பொஞ்சாதின்னேன். ‘நெலத்தோட நாலு எல்ல தெரியுமா’ன்னாரு. தெரியாமயா? வடக்க பாசன வாய்க்கா, கெழக்க வைரக்கண்ணு சாகுபடி, தெக்க வடிவாய்க்கா, மேக்க கோயில் நெலம். சனி மூலையில தண்ணி நிக்கும், அங்க மட்டும் நாத்து ரெண்டு தரம் நடணும், அதையும் சொன்னேன். எழுதிக்கிட்டாரு.”

“பொறவு?”

“மிராசு வக்கீல் எந்திரிச்சாரு. ‘இந்த மருதையன் வெவசாயியே இல்ல, தச்சு வேலைக்காரன். தன் ஒடம்பால சாகுபடி பண்றவனுக்குத்தான் சட்டம். அவன் இப்பக்கூட எங்க இருக்கான்? கட்டட வேலையில இருக்கான்’னாரு. நான் இல்லீங்க, இல்லீங்கன்னேன். அந்த நேரம் பாத்து நம்ம சேர்மன் வந்தாரு. தாசில்தாரு எந்திரிச்சு நின்னு நாக்காலி போட்டாரு.”

“வாய்தா கேட்டாரா?”

“கேக்கத்தான் வாயத் தொறந்தாரோ என்னமோ. அதுக்குள்ள வக்கீல் முந்திக்கிட்டு, ‘ஐயாவையே கேளுங்க, மருதையன் என்ன தொழில் பண்றான்னு’ அப்படின்னாரு. ஒடனே இவரு மேடையில பேசுறாப்புல, ‘மருதையனா! ஒப்பற்ற உழைப்பாளி! பக்கிரி ஆசாரிக்கு வலது கை! அவன் இல்லேன்னா எங்க மன்றத்துல ஒரு தூணு நிக்காது! இந்த நிமிசம் அங்கதான் இருக்கான்’னு...”

அம்சம் ஒரு வேப்பங்குச்சியை எடுத்து ஒடித்தாள்.

“புகழ்ந்துதான் சொன்னாருங்க. மொகத்தப் பாத்தேன். கெட்ட எண்ணமா தெரியல. சொல்லிட்டு எல்லாரையும் பாத்து ஒரு சிரிப்பு. தாசில்தாரு பேனாவ எடுத்தாரு. அப்பறமா சேர்மனுக்கு மாமன் ஞாபகம் வந்துச்சோ, நம்ம ஞாபகம் வந்துச்சோ, ‘வேற ஏதாச்சும் சொல்லணுமா’ன்னு தாசில்தாரு கேட்டப்ப, ஒண்ணுமில்லேன்னுட்டாரு.”

சேர்மன் அன்றைக்கு அயோக்கியனாக இருந்தாரா, முட்டாளாக இருந்தாரா என்று ஊரில் இன்றும் இரண்டு கட்சி உண்டு. அவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

மனு தள்ளுபடியானது. மேலே அப்பீல் செய்யலாம் என்றார்கள். முப்பது நாள் கெடு. ஒரு வக்கீல் வழக்குக் கட்டைப் பிரித்துப் படித்துவிட்டு, “உங்க சேர்மனே சாட்சி சொல்லியிருக்காரேய்யா” என்று நாடாவைக் கட்டித் திருப்பிக் கொடுத்தார். மருதையன் சேர்மனிடம் போய், சொன்னதை மாற்றி எழுதித் தரச் சொல்லிக் கேட்டான். “பாராட்டுனதையா வாபஸ் வாங்கச் சொல்ற?” என்று அவர் மெய்யாகவே வருத்தப்பட்டார்.

இருபத்தொரு நாள் கழித்துச் சென்ட்ரிங் பிரித்தார்கள். பலகையைக் கழற்றியதும் பக்கிரி ஆசாரி மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பார்த்தார். ஓர் இழைகூடத் தொய்வில்லை. மந்திரி வந்து திறந்து வைத்தார். கல்வெட்டில் சேர்மனின் மூன்று பட்டங்களும் பிழையில்லாமல் வெட்டப்பட்டிருந்தன. விழாவில், சட்டத்தால் நிலத்தில் நிலைத்தவர்கள் என்று பன்னிரண்டு பேருக்குத் துண்டு போர்த்தினார்கள். மருதையனுக்கும் ஒரு துண்டு உண்டு. கட்டடத் தொழிலாளர் வரிசையில்.

ஆனியில் ஆற்றில் தண்ணீர் வந்த அன்று ஆசாரியும் அவனும் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு மாடி எடுத்துக்கொண்டிருந்தார்கள். டீக்கடை ரேடியோவில் அணை திறந்த செய்தி சில நாள் முன்பே வந்துவிட்டது. ஆசாரி கழியை அறுத்துக்கொண்டே, வருஷா வருஷம் கேட்கிற வாய்ப்பழக்கத்தில், “நீ எப்பய்யா வயலுக்குப் போவணும்? சொன்னீன்னா வேற ஆளு பாக்கணும்” என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகு ரம்பம் நின்றது.

“ஆளு பாக்க வேணாங்க” என்றான் மருதையன். “இழுங்க.”

இருவரும் இழுத்தார்கள்.

அந்த நாலு மாவையும் மிராசுதார் தன் கணக்குப்பிள்ளையின் பொறுப்பில் டிராக்டர் விட்டு உழுதார். நடவுக்கு ஆள் தேவைப்பட்டது. அம்சத்தையும் கூப்பிட்டார்கள். அவள் போவாள் என்று மருதையன் நினைக்கவில்லை. போனாள்.

அன்று பொழுது சாய அவன் வீட்டுக்கு வந்தபோது அவள் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். புடவைக் கரையெல்லாம் சேறு. கைகால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். அவள் சோற்றைப் போட்டு வைத்தபோது கேட்டான்.

“நட்டு முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது.”

“சனி மூலை?”

“ஒரு தரந்தான் நட்டாங்க. பெரண்டு கெடக்கு. நாளைக்கு இன்னொரு தரம் நடணும்னேன். கூலிக்கு வந்தவளுக்கு என்ன பேச்சுன்னாரு கணக்குப்பிள்ளை.”

“நீ என்ன சொன்ன?”

“என்ன சொல்றது. கரையேறிட்டேன்.”

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிறகு, “வடிவாய்க்கா மடையத் தொறந்து வச்சாங்களா?” என்றான்.

“இல்ல.”

“தொறக்கலேன்னா நாத்து அழுவிடுமே.”

“அழுவட்டும். சாப்பிடுங்க” என்றாள் அம்சம். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.